காலையில் எழாத கம்ப்யூட்டர்: கடலோர வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஒரு பவர் பழுதுநீக்க வழிகாட்டி

மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியின் கணக்கு அறை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்த மறுநாள் காலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் பூட்டிக் கிடந்த அறை அது. கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினால் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. நாலாவது தடவை திரை வந்தது. முந்தைய தொடக்கத்தில் மின்சாரம் தாறுமாறாக வந்ததால் பாதுகாப்புக்காக நிறுத்தினேன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டு மறுபடி அணைந்தது.

"எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது தம்பி, புதிது ஒன்று மாட்டிவிடுங்கள்" என்றார் முதலாளி. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியைத்தான் அப்படிச் சொல்கிறார்.

"அண்ணே, வெயில் ஏறட்டும். பதினொரு மணிக்குப் பார்ப்போம்" என்றேன்.

பதினொன்றரைக்கு அதே பெட்டி ஒரே அமுக்கில் எழுந்தது. அதுவரை எந்தப் பாகத்தையும் நான் தொடவில்லை.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, தீவுப் பக்கம் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று இந்தக் கரையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பவர் சம்பந்தமான எர்ரர் வந்தால் பாகத்தை மாற்ற ஓடாதீர்கள். எந்த நேரத்தில் நின்றது, எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பாருங்கள். அந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் செய்யும் செலவு, நல்ல பாகத்தைக் குப்பையில் போட்டுக் கெட்ட பாகத்தை வீட்டில் வைத்திருப்பதில்தான் முடியும்.

பொத்தானை அமுக்கியதும் உள்ளே நடப்பது

சுவரில் பிளக்கைச் செருகிய நொடியிலேயே கம்ப்யூட்டருக்குள் கொஞ்சம் உயிர் வந்துவிடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின் பெட்டி, ஊதா நிறக் கம்பி ஒன்றின் வழியாக மதர்போர்டுக்கு எப்போதும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். காத்திருப்பு மின்சாரம் என்று அதைச் சொல்லலாம். நீங்கள் பொத்தானை அமுக்கினால், மதர்போர்டு பச்சைக் கம்பியைத் தரை எனப்படும் கறுப்புக் கம்பியோடு இணைத்து "எழு" என்று சொல்கிறது. எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட் வழிகளைத் திறக்கிறது. எல்லாம் நிலைபெற்றதும், ஏறத்தாழ அரை நொடிக்குள், சாம்பல் நிறக் கம்பியில் 5 வோல்ட் ஏற்றி "பவர் சரி" என்று பதில் சொல்கிறது. அந்தப் பதில் கிடைத்த பிறகே பிராசசர் வேலையைத் தொடங்கும். பிறகு மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸ் ஒவ்வொரு பாகத்தையும் சோதித்து, எந்தப் பாகத்தை எப்படித் தூங்க வைப்பது, எப்படி எழுப்புவது என்ற பட்டியலை விண்டோஸிடமோ லினக்ஸிடமோ ஒப்படைக்கிறது. அந்தப் பட்டியலுக்கான பொது விதிதான் ஏ.சி.பி.ஐ. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்டது. 2013 முதல் யு.இ.எஃப்.ஐ. ஃபோரம் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு அதைப் பராமரிக்கிறது.

ஆகவே ஒரே "பவர் எர்ரர்" என்ற பெயருக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, மின்சாரமே சரியாக வராதது. மற்றொன்று, மின்சாரம் சரியாக வந்தும் பாகங்களைத் தூங்கவைத்து எழுப்பும் கணக்குப் பிசகியது. விசிறி நின்றுவிட்டாலோ, சுற்றிச் சுற்றி நின்றாலோ, திரையே வராவிட்டாலோ முதல் வகை என்று கொள்ளுங்கள். விண்டோஸ் சின்னம் வந்த பிறகு நீலத்திரை, தூக்கத்திலிருந்து எழாமை, தானாக எழுதல் இவையெல்லாம் பெரும்பாலும் இரண்டாம் வகை. பயாஸ் திரையில் எழுத்து வந்து நின்றால் இரண்டுக்கும் நடுவே.

முதல் படி: ஒரு தாளும் செல்போன் கேமராவும்

மூன்று நாள் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எத்தனையாவது அமுக்கில் எழுந்தது, வெளியே மழையா வெயிலா, அந்த நேரத்தில் வீட்டில் மோட்டாரோ மீன் வைக்கும் டீப் ஃப்ரீசரோ ஓடியதா. திரையில் எழுத்து வந்தால் படம் எடுங்கள். "என்னவோ இங்கிலீஷில் வந்தது" என்று சொல்லி என்னிடம் வந்த பெட்டிகளில் சில, கடைக்கு வந்ததும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கின்றன. படம் இருந்திருந்தால் உரியவருக்கு இரண்டு பஸ் பயணம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாம் படி: சுவரிலிருந்து தொடங்குங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன் சுவர்ப் பிளக்கைப் பாருங்கள். மல்டிமீட்டர் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் படியை ஒரு வயர்மேனை வைத்துச் செய்யுங்கள், நீங்களாக முயல வேண்டாம்.

ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். மீட்டரை வைத்தபடியே வீட்டு மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். 230 இருந்த இடம் ஒரு கணம் 170க்கு விழுந்து மீண்டும் ஏறினால், கம்ப்யூட்டர் ஏன் நடுவில் அணைகிறது என்பதற்கு முதல் சந்தேகம் அதுதான். கம்ப்யூட்டருக்குத் தனி வயர் இழுப்பதே பெரும்பாலும் தீர்வு.

அடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். அங்கே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் கரையில் இந்தச் சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மணல் பூமியில் கோடையில் ஈரம் வற்றினால் எர்த் குழி வேலை செய்யாது. அதே குழியில் உப்புநீர் ஊறினால் இரும்புக் கம்பி சில வருடங்களில் அரித்துப்போகும். மேலே பச்சை வயர் அழகாகத் தொங்கிக்கொண்டிருக்கும், கீழே அதை இணைத்த கம்பி மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

கீழக்கரையில் ஒரு வீட்டில் இப்படித்தான். மகள் படிப்பதற்காக வாங்கிய கம்ப்யூட்டர். "தம்பி, பெட்டியைத் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. அதோடு பென் டிரைவ் செருகினால் அணைந்து போகிறது" என்றார் வீட்டுக்கார அம்மா. "லாத்தா, இனி பிள்ளை அதைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு டெஸ்டரைப் பெட்டியின் இரும்பில் வைத்தேன். மங்கலாக எரிந்தது. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் அறுந்துபோனால் அவை வரும் மின்னழுத்தத்தில் பாதியை, ஏறத்தாழ 115 வோல்ட்டைப் பெட்டியின் உடம்புக்குக் கொண்டுவந்துவிடும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். ஆனால் யு.எஸ்.பி. போன்ற மென்மையான பகுதிகளைக் குழப்ப அது போதும். புது எர்த் கம்பி இறக்கி, குழியில் கரி போட்டு, கோடையில் வாரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அதன் பிறகு பென் டிரைவ் செருகினால் அணைவது நின்றது. எறும்பும் ஊரவில்லை.

பிளக்கின் பித்தளை ஊசிகளையும் உருவிப் பாருங்கள். பச்சைக் களிம்பு பூத்திருந்தால், அல்லது ஊசியின் அடிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால், அந்தக் கேபிளையும் ஸ்பைக் பஸ்டரையும் தூக்கிப் போடுங்கள். சுரண்டிப் பயன்படுத்த வேண்டாம்.

இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்களுக்கு ஒரு சொல். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், சாதாரண நிலை, யு.பி.எஸ். நிலை என்று. சாதாரண நிலையில் மின்தடை வந்தால் மாறுவதற்கு எடுக்கும் நேரம் கம்ப்யூட்டருக்கு அதிகம். எஸ்.எம்.பி.எஸ். தன் சேமிப்பைக் கொண்டு ஒரு நொடியின் ஆயிரத்தில் 16, 17 பங்குதான் தாக்குப்பிடிக்கும். யு.பி.எஸ். நிலைக்கு மாற்றியதும் தீர்ந்துபோன "பழுதுகள்" பல உண்டு. சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால், ஆக்டிவ் பி.எஃப்.சி. வகைப் புது எஸ்.எம்.பி.எஸ்.கள் சில அதோடு ஒத்துப்போகாமல் அணையும். அதற்கு சைன் அலை இன்வெர்ட்டர்தான் வழி.

மூன்றாம் படி: தேங்கிய மின்சாரத்தை வடியுங்கள்

சின்ன வேலை. பிளக்கை உருவுங்கள், பொத்தானை 30 நொடி அமுக்கிப் பிடியுங்கள், இரண்டு நிமிடம் விட்டு மறுபடி செருகுங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரை எடுத்துவிட்டு, கழற்ற முடிந்த பேட்டரியைக் கழற்றி, அதே 30 நொடி. மின்னல் வெட்டிய இரவுக்கு மறுநாள் எழாத மடிக்கணினிகளில் முதலில் இதைத்தான் செய்வேன்.

நான்காம் படி: உப்பு

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான். வெளியூர் வழிகாட்டிகள் தூசியைப் பற்றிப் பேசும். நமக்குத் தூசியோடு உப்பும் சேர்ந்து வருகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தங்கச்சிமடத்தில் ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே காற்றைத்தான் கம்ப்யூட்டரின் விசிறி நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது.

வீட்டு உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே, 33 சதவீதத்தை ஒட்டி, கசிந்துவிடும். விடியற்காலையில் நம் கரையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் மதர்போர்டின் மேல் படிந்த உப்புப் படலம் ஈரமாகி, மின்சாரம் கடத்தும் ஒரு மெல்லிய பாதையாக மாறுகிறது. போகக் கூடாத இடத்துக்கு மின்சாரம் ஒழுகுகிறது. மதர்போர்டு அதைக் கோளாறு என்று கண்டு அணைத்துவிடுகிறது. வெயில் ஏறி, ஈரப்பதம் இறங்கி, படலம் காய்ந்ததும் எல்லாம் சரி. ஐஸ் கம்பெனியில் பதினொரு மணி வரை காத்திருந்த காரணம் இதுதான்.

தாளில் குறித்த நேரங்கள் இங்கே கை கொடுக்கும். காலையில் எழாமல், நண்பகலில் எழுந்து, மழை நாளில் நாள் முழுக்க எழாமல் இருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள்.

பிளக்கை உருவி, ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத் தகட்டைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாது. சாய்த்தால், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போர்டுக்கு வரும் 24 ஊசி கனெக்டரின் ஓரத்திலும் மெமரி ஸ்லாட்டின் பக்கத்திலும் வெள்ளைப் பூப்போல ஒரு படிவு மின்னும். செம்பு தெரியும் இடங்களில் நீலப்பச்சையாக ஒரு புள்ளி, கடுகளவு. அந்த ஐஸ் கம்பெனிப் பெட்டியில் பிராசசருக்கு மின்சாரம் கொண்டுவரும் நாலு ஊசிக் கனெக்டரை உருவியபோது, ஒரு ஊசி மட்டும் மற்ற மூன்றைப் போலப் பளபளக்காமல் கறுத்திருந்தது. அதன் கழுத்தில் பச்சைத் தூள். அந்த ஒற்றை ஊசிதான் அன்று காலை கழுத்தை அறுத்திருக்கிறது.

இனி சுத்தம் செய்வது. பல பேர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மட்டும் தெளித்துத் துடைக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அது நல்லது, ஆனால் உப்பு அதில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். உப்பு தண்ணீரில்தான் கரையும். ஆகவே வரிசை இது. முதலில் மென்மையான வறண்ட பிரஷ்ஷால் தூசியை எடுங்கள். மதர்போர்டில் நாணயம் போல் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி வையுங்கள், போர்டில் கொஞ்சமும் மின்சாரம் இருக்கக் கூடாது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் பிரஷ்ஷை நனைத்து, உதறி, படிவு உள்ள இடத்தை மட்டும் தேய்த்து, பஞ்சால் ஒற்றி எடுங்கள். இரண்டு மூன்று தடவை. குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டவே வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கிறது. அதன் பிறகு 99 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். தங்கியிருக்கும் நீரை அது இழுத்துக்கொண்டு ஆவியாகும். கடைசியாக, ஒரு நாள் முழுக்க நிழலில், மின்விசிறிக் காற்றில் காய வையுங்கள். வாயால் ஊத வேண்டாம், அதில் ஈரம் இருக்கிறது.

மெமரி கார்டின் தங்கப் பட்டைகளை ரப்பரால் அழுத்தித் தேய்ப்பதை நான் செய்வதில்லை. அந்தப் பூச்சு மிக மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் போய்விடும். போன இடத்தில் உப்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். ஆல்கஹால் நனைத்த துணி போதும். ஊசி கறுத்துப்போன கனெக்டரை மட்டும் மாற்றித்தான் ஆக வேண்டும். அன்று அதை மாற்றி, போர்டைக் காய வைத்து மாட்டிய பிறகு, அந்தப் பெட்டி காலை ஆறு மணிக்கே எழுகிறது.

ஐந்தாம் படி: எஸ்.எம்.பி.எஸ். சோதனை

முதலில் எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் திருகாணிகளைக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டுக்குக் குறையாத நேர் மின்சாரம் தேங்கியிருக்கும், பிளக்கை உருவிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். வெளியே வரும் கம்பிகளில் அளப்பது மட்டுமே நம் வேலை.

பிளக் செருகியிருக்க, கம்ப்யூட்டர் அணைந்திருக்க, மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும் சிவப்பு முனையை ஊதாக் கம்பியிலும், அதாவது 9ஆம் ஊசியில், வையுங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட் வரை இருக்க வேண்டும். இது இல்லையென்றால் பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் பயனில்லை. 24 மணி நேரமும் ஓய்வில்லாமல் உழைக்கும் பகுதி இது என்பதால், அதன் கெப்பாசிட்டர்கள் முதலில் வறண்டுபோகும். ஊதாக் கம்பி 4.3 காட்டினால் எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டியதுதான், தயங்க வேண்டாம்.

ஊதா சரியாக இருந்தால், கம்ப்யூட்டரைப் போட்டபடி மஞ்சள் கம்பியில் 11.40 முதல் 12.60, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை வருகிறதா என்று பாருங்கள். சாம்பல் கம்பி, 8ஆம் ஊசி, பொத்தானை அமுக்கிய அரை நொடிக்குள் 5 வோல்ட்டை ஒட்டி வந்து அங்கேயே நிற்க வேண்டும். அது துள்ளித் துள்ளி விழுந்தால், விசிறி அரைச் சுற்றில் நிற்பதற்கான காரணம் கையில் கிடைத்துவிட்டது.

மதர்போர்டு கெட்டதா எஸ்.எம்.பி.எஸ். கெட்டதா என்று பிரிக்க, பிளக்கை உருவி, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் எல்லாக் கனெக்டர்களையும் கழற்றி, ஒரு விசிறியை மட்டும் மாட்டி, 24 ஊசிக் கனெக்டரில் பச்சைக் கம்பியை, 16ஆம் ஊசியை, ஒரு கறுப்புக் கம்பியோடு சிறு கம்பித் துண்டால் இணைத்துவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள். விசிறி நிற்காமல் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். எழுகிறது என்று பொருள். சுமை ஏறும்போது தாங்குமா என்பதற்கு இது உத்தரவாதம் தராது, அதற்கு மேலே சொன்ன அளவுகள்தான். எல்லாக் கம்பியும் கறுப்பாக இருக்கும் புது வகைகளில் கையேட்டுப் படத்தைப் பார்த்து ஊசியை அடையாளம் காணுங்கள். சில பிராண்டட் அலுவலகப் பெட்டிகளில் ஊசி வரிசையே வேறு, அவற்றில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

கூடவே பிராசசரைச் சுற்றி நிற்கும் உருளைக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பிய பூரிபோல் இருந்தாலோ, பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ அது மதர்போர்டின் நோய்.

ஆறாம் படி: வட்ட பேட்டரியும் பயாஸும்

மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி 3 வோல்ட். மீட்டரில் 2.8க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. கம்ப்யூட்டர் பிளக்கில் செருகியிருக்கும் வரை இந்தப் பேட்டரிக்கு வேலை குறைவு. தடைக்காலம் போல இரண்டு மாதம் மெயினை அணைத்துப் பூட்டி வைக்கும் இடங்களில்தான் அது வேகமாகக் கரைகிறது. தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும், தொடர எஃப்1 அமுக்கச் சொல்லும். அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, ஹார்டு டிஸ்க்கை அணுகும் முறையைத் தொழிற்சாலை அமைப்புக்கு மாற்றிவிடும். விண்டோஸ் நீலத்திரை காட்டும். டிஸ்க் போய்விட்டது என்று பதறி ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். பயாஸில் சாட்டா முறை என்று இருக்கும் அந்த அமைப்பைப் பழையபடி மாற்றினால் கணக்கெல்லாம் அப்படியே இருக்கும்.

பயாஸில் பவர் பக்கத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். மின்சாரம் போய்த் திரும்பினால் என்ன செய்வது என்ற அமைப்பை "அணைந்தே இரு" என்று வையுங்கள். மின்சாரம் திரும்பும் முதல் சில நொடிகளில்தான் வோல்ட்டேஜ் அதிகம் துள்ளும், அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் எழ வேண்டாம். நெட்வொர்க் கேபிள் வழியாக எழுப்பும் வசதி தேவையில்லையென்றால் அணையுங்கள், நள்ளிரவில் தானாக எழும் பெட்டிகளில் பல அதோடு அடங்கும். மூன்றாவது, பிராசசரின் ஆழ்ந்த உறக்க நிலைகள், சி6, சி7 என்று இருக்கும். 2013இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் முதல், இந்த நிலைகளில் பிராசசர் மிகமிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும். பழைய எஸ்.எம்.பி.எஸ். சில, சுமையே இல்லை என்று எண்ணி அணைந்துவிடும். வேலையில்லாமல் சும்மா இருக்கும்போது மட்டும் அணைகிற கம்ப்யூட்டரில் இவற்றை நிறுத்திப் பாருங்கள். ரைசன் வகை போர்டுகளில் இதற்கே எஸ்.எம்.பி.எஸ். ஓய்வு மின்னோட்டம் என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கும், அதை வழக்கமான மின்னோட்டத்துக்கு மாற்றுங்கள்.

பயாஸ் அப்டேட் செய்ய வேண்டியிருந்தால் நல்ல யு.பி.எஸ். இல்லாமல் தொடாதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் போர்டே எழாது.

ஏழாம் படி: விண்டோஸ் சொல்வதைக் கேட்பது

விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவுகளில் கெர்னல்-பவர் 41 என்ற வரியைத் தேடுங்கள். முறையாக அணைக்கப்படாமல் நின்றேன் என்பது மட்டுமே அதன் பொருள். அதைப் பார்த்ததும் எஸ்.எம்.பி.எஸ். மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவசரம் அது. அந்த வரிக்குள் பக்செக் கோட் என்று ஓர் எண் இருக்கும். சுழி என்றால் நீலத்திரைக்கே நேரமில்லாமல் மின்சாரம் அறுந்திருக்கிறது, அல்லது இயந்திரம் உறைந்திருக்கிறது. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். 159 என்றால் ஏதோ ஒரு பாகத்தை இயக்கும் டிரைவர் மென்பொருள் தூக்க விழிப்பில் சிக்கியது. 165 என்றால் பயாஸின் ஏ.சி.பி.ஐ. பட்டியலில் கோளாறு, பயாஸ் அப்டேட்தான் மருந்து.

159க்கு முதல் சந்தேகம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் உள்ள வசதி இது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப்பகுதி முழுதாக அணையாமல், டிஸ்க்கில் எழுதி வைக்கப்பட்டு மறுநாள் அப்படியே ஏற்றப்படுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் புதிதாகத் தொடங்கும். இதுவே நல்ல சோதனையும் கூட. இரவு அணைத்து இரண்டு நிமிடத்தில் மறுபடி போட்டாலும் எர்ரர், ரீஸ்டார்ட் செய்தால் எர்ரர் இல்லை என்றால் குற்றவாளி இதுதான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். தொடக்கம் சில நொடி தாமதமாகும், அவ்வளவுதான்.

அடுத்து டிவைஸ் மேனேஜரில் யு.எஸ்.பி. ரூட் ஹப், நெட்வொர்க் கார்டு இரண்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம்பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். மதர்போர்டு நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து சிப்செட் டிரைவரைப் போடுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் தொடக்கத்தில் ஓடும் ஏ.சி.பி.ஐ. எர்ரர் வரிகளைக் கண்டு கலங்க வேண்டாம். பயாஸ் எழுதியவரின் பிழைகளை அது உரக்கப் படிக்கிறது, எல்லாம் ஓடினால் விட்டுவிடலாம்.

மடிக்கணினிக்கு மட்டும் ஒரு குறிப்பு. சார்ஜர் வகை தெரியவில்லை என்று தொடக்கத்தில் எழுத்து வந்தால், சார்ஜர் முனையின் நடுவே இருக்கும் மெல்லிய ஊசியைப் பாருங்கள். சார்ஜர் தன்னை அடையாளம் சொல்வது அதன் வழியாகத்தான். களிம்பு பிடித்தால் பேட்டரி ஏறாது, வேகமும் குறையும். 2011 முதல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் பேட்டரி ஆயுள் முடிந்திருந்தால், அதைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் போட்டுப் பாருங்கள். பலவும் எழுந்துகொள்ளும்.

பூட்டி வைப்பதற்கு முன்

தடைக்காலத்துக்குக் கடையைப் பூட்டுபவர்கள், வெளியூர் போகும் வீட்டார் இதைச் செய்யுங்கள். ஏப்ரல் 14 மாலை கணக்கையெல்லாம் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். முழுதாக அணைத்து, பிளக்கை உருவி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, தடித்த பாலிதீன் பையில் நூறு கிராம் சிலிக்கா ஜெல்லோடு வாய் கட்டி வையுங்கள். வெறும் துணி போர்த்தினால் உப்பும் ஈரமும் உள்ளே போகும். முடிந்தால் நடுவில் ஒரு நாள், வெயில் ஏறிய பிறகு, யாரையாவது விட்டுப் பையிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, ஆறியதும் மறுபடி கட்டி வைக்கச் சொல்லுங்கள். ஓடுகிற பெட்டி தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும்.

ஜூன் 15 அன்று விடியற்காலையில் போடாதீர்கள். காலையிலேயே பையைப் பிரித்து, பெட்டியை மின்விசிறிக்கு முன் வையுங்கள். பதினொரு மணிக்குச் சுவர்ப் பிளக்கில் 230 இருக்கிறதா, எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே மூன்றுக்குக் கீழ்தானா என்று அளந்து, வட்ட பேட்டரியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு பொத்தானை அமுக்குங்கள்.